குளிரில் உப்பி நிற்கும் குருவிகள்

கேள்வி: முனிர்காவில் டிடிஏ குடியிருப்பில், முதல் மாடியில் இருக்கிறோம். கோடையில் விடியும் முன்பே பாடும் குண்டுக்கரிச்சான், டிசம்பர் பிறந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. கொண்டைக்குருவிகள் பந்துபோல உப்பி, பால்கனிக் கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. தேன்சிட்டின் கருநீலப் பளபளப்பும் போய்விட்டது. குளிரில் நோய் கண்டுவிட்டதா? நான் என்ன செய்யலாம்?
– வாசகி, முனிர்கா, புது தில்லி

பதில்: பயப்படாதீர்கள், மூன்றுமே நோய் அல்ல. குண்டுக்கரிச்சான் அதிகம் பாடுவது இனப்பெருக்கக் காலத்தில்தான். மார்ச் வாக்கில் மறுபடி கேட்பீர்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டு, இனப்பெருக்கம் முடிந்ததும் இறகு மாற்றிப் பெட்டையைப் போல மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு நோக்கி இறங்கும் கருங்கோடுதான் அடையாளம். இறகை உப்புவது, இடையில் காற்றைத் தேக்கி உடல்சூட்டைக் காக்க. நல்ல வெயிலிலும் உப்பியபடி கண்மூடி இருந்து, ஆள் நெருங்கியும் பறக்காவிட்டால் மட்டுமே நோயைச் சந்தேகியுங்கள். அப்படி இருக்கும் பறவையையும், இறந்து கிடக்கும் பறவையையும் வெறுங்கையால் தொடாதீர்கள். 2021 ஜனவரியில் தில்லியில் இறந்த காகங்களுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது.

ஆனாலும் குளிரை லேசாக எண்ண முடியாது. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். பறவையின் உடல்சூடு சுமார் 40 டிகிரி. பத்து கிராம்கூடத் தேறாத தையல்சிட்டு, பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் பதின்மூன்று மணி நேர இரவைக் கடக்கிறது. மூடுபனி நண்பகல்வரை விலகாத நாளில் பூச்சிகளும் வெளியே வருவதில்லை. வயிறு நிறையாமலே இருட்டிவிடுகிறது. குளிரோடு பசியும் சேரும்போதுதான் ஆபத்து. பிரிட்டனில் 1962–63 குளிர்காலத்தில் ரென் என்னும் சிறு குருவிகளில் பெரும்பகுதி இப்படித்தான் மடிந்தது. தில்லியில் அந்த அளவு உறைபனி இல்லை.

காலையில் முதல் வேலையாகவும், மாலை நான்கு மணிவாக்கிலும் தீனி வையுங்கள். சிட்டுக்குருவிக்குக் கம்பு, நொய்யரிசி. கொண்டைக்குருவிக்குக் கனிந்த கொய்யா, வாழைப்பழம். பாலும் உப்புப் போட்ட மிக்சரும் வேண்டாம். தட்டைத் தினமும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள்.

தையல்சிட்டும் தேன்சிட்டும் இந்தத் தட்டுக்கு வராது. அவற்றுக்குச் செடியும் பூவும் பூச்சியும்தான் வேண்டும். செம்பருத்தியையும் அடர்ந்த வேலிப்புதரையும் பிப்ரவரி முடியும்வரை கத்தரிக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். புதரடியில் கிடக்கும் சருகைக் கூட்டி எரிக்கவும் விடாதீர்கள். தவிட்டுக்குருவிகள் அதைக் கிளறித்தான் புழுபூச்சி பிடிக்கின்றன. தட்டு நிறையத் தீனி வைப்பதைவிட இது பெரிய உதவி.