பேசின் பிரிட்ஜில் ஏன் நிற்கிறது?

காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்து வாசகர்களின் ரயில் கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: காட்டுப்பாக்கத்திலிருந்து ஆவடிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல். இதுதான் என் தினப்படி. வியாசர்பாடி ஜீவா வரை வண்டி ஒழுங்காகத்தான் வருகிறது. அதற்கப்புறம் பேசின் பிரிட்ஜை ஒட்டி நின்றுவிடுகிறது. சில நாள் ஐந்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். ஏன் என்று சொல்ல ஆளில்லை. பலர் குதித்து இறங்கி நடந்தே போய்விடுகிறார்கள். இது வேண்டுமென்றே செய்வதா? — வாசகர், காட்டுப்பாக்கம்

பதில்: வேண்டுமென்று இல்லை. அந்த இடத்தின் அமைப்பு அப்படி. சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து நிலையம். உள்ளே வரும் வண்டி எதுவானாலும் வந்த வழியேதான் வெளியேற வேண்டும். அரக்கோணம், ஆவடிப் பக்கமிருந்து வரும் நம் பாதையும், கும்மிடிப்பூண்டி, கூடூரிலிருந்து கொருக்குப்பேட்டை வழியாக வரும் வடக்குப் பாதையும் பேசின் பிரிட்ஜில்தான் சேர்கின்றன. ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகக் கடற்கரைக்குப் போகும் கிளையும் அதை ஒட்டித்தான் பிரிகிறது. இது போதாதென்று, விரைவு ரயில்களைக் கழுவிப் பராமரிக்கும் பணிமனையும் அங்கே இருக்கிறது. சென்ட்ரலில் ஆட்களை இறக்கிய காலி வண்டி அங்கே போக வேண்டும். கழுவி முடித்த வண்டி அங்கிருந்து நடைமேடைக்கு வர வேண்டும். பயணிகள் கால அட்டவணையில் இந்தக் காலி வண்டிகளுக்கு இடம் கிடையாது. தண்டவாளத்தில் உண்டு.

ஒரு வண்டி குறுக்கே கடந்து முடியும்வரை மற்றவற்றுக்குச் சிவப்பு விளக்குதான். நமது லோக்கலுக்கான நடைமேடையில் முந்தைய வண்டி இன்னும் கிளம்பவில்லை என்றாலும் அதே சிவப்புதான். மூர் மார்க்கெட் வளாகம் என்று டிக்கெட்டில் வருகிறதே, அந்தப் புறநகர் முனையத்தில் நடைமேடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட் நின்ற மனையில் கட்டியது அது. இழுத்து நீட்ட அங்கே இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856-ல். நீங்கள் தினமும் வரும் பெரம்பூர், ஆவடி வழித்தடம் அப்போது போட்டது. சென்ட்ரல் நிலையம் வந்தது 1873-ல். பாதைக்குப் பதினேழு வயதானபின் பிறந்த நிலையம், இன்றைக்குப் பாதையை வாசலில் காக்க வைக்கிறது.

ஆக, நிற்பதை ஒரு நாளில் மாற்ற முடியாது. நிற்கும் காரணத்தைச் சொல்வதற்கோ புதிய தண்டவாளம் எதுவும் வேண்டியதில்லை. 'முன்னால் ஒரு வண்டி போகிறது, இன்னும் ஆறு நிமிஷம்' என்று பெட்டியில் உள்ள ஒலிபெருக்கியில் ஒரு வரி வந்தால், குதிப்பவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்துவிடுவார்கள். நமது கோபம் காத்திருப்பதைப் பற்றி அல்ல, விவரம் தெரியாமல் காத்திருப்பதைப் பற்றி. இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் சாரம் இதுதான்.

குதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைக்கூட விடுங்கள். உங்கள் வண்டி நிற்பதே பக்கத்துத் தடத்தில் இன்னொன்று வருவதால்தான். நீங்கள் இறங்குவது அந்தத் தடத்தில்.

கேள்வி: திருவள்ளூரிலிருந்து வரும் 'ஃபாஸ்ட்' லோக்கலில் ஆவடியில் ஏறினேன். நான் விட்டுவிட்டு வந்த ஸ்லோ வண்டி அம்பத்தூர் தாண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. இதற்கு என்ன பெயர்? — வாசகி, பருத்திப்பட்டு

பதில்: விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பது என்று பெயர்.

சென்ட்ரலுக்கும் ஆவடிக்கும் நடுவே நான்கு தடங்கள். இரண்டு புறநகர் வண்டிகளுக்கென்றே உள்ளவை. ஸ்லோ வண்டிகள் அவற்றில் ஓடுகின்றன. மற்ற இரண்டும் விரைவு ரயில்களுக்கானவை. ஃபாஸ்ட் லோக்கல் அண்ணனூர், பட்டரவாக்கம் போன்ற சின்ன நிலையங்களில் நிற்காமல் போக வேண்டுமானால், முன்னால் போகும் ஸ்லோ வண்டியின் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் அதை விரைவுத் தடத்தில் விடுகிறார்கள். அங்கே வீட்டுக்காரர் வேறு. நீலகிரி, சேரன், மங்களூர் மெயில் என்று இரவெல்லாம் ஓடிவந்த வண்டிகள் அதிகாலையிலிருந்து வரிசையாக உள்ளே நுழைகின்றன. அவற்றில் ஒன்று தாமதமாகி உங்கள் அலுவலக நேரத்தில் வந்து விழுந்தால், ஃபாஸ்ட் லோக்கல் ஓரமாக நிற்கும், ஸ்லோ வண்டி தன் தடத்தில் கையசைத்துக்கொண்டு போகும்.

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பெரம்பூரோ வில்லிவாக்கமோ போகிறவர்கள், முதலில் வருவது ஸ்லோ என்றால் அதிலேயே ஏறிவிடுங்கள். ஃபாஸ்ட்டுக்காகக் காத்திருந்து மிச்சம் பிடிக்கும் நேரம் அந்தத் தூரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. திருநின்றவூர், திருவள்ளூர்க்காரர்களுக்கு ஃபாஸ்ட் லாபம்தான்.

இன்னொன்று, இந்தப் பாதைக்குப் புதிதாக வருபவர்களுக்கு. முகப்பில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று போட்டிருக்கும் வண்டி திருநின்றவூருக்குப் போகாது. கிளைத் தடத்தில் திரும்பிவிடும். ஒருமுறை அதில் மாட்டியவர்கள் மறுபடி மாட்டுவதில்லை.

கேள்வி: ஒரு நிலையத்தில் கவுன்ட்டர் வரிசை வாசல்வரை நின்றது. செல்போன் செயலியில் எடுக்கப் பார்த்தால், நிலையத்துக்குள் இருந்து எடுக்க முடியாது என்கிறது. வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டேன். பரிசோதகர் பிடித்தார். ஆவடியில் ஏறிய என்னிடம் அரக்கோணத்திலிருந்து கட்டணம் கேட்டார். இது எந்த ஊர் நியாயம்? — வாசகர், குமணன்சாவடி

பதில்: நியாயம் இல்லாமல் இருக்கலாம், சட்டம் அதுதான். 138-ஆம் பிரிவு, டிக்கெட் இல்லாதவர் எங்கே ஏறினார் என்று காட்ட முடியாவிட்டால், வண்டி கிளம்பிய நிலையத்திலிருந்து வந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. அந்தக் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவும் சேரும். புறநகர் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதை நினைத்தால் வயிறு எரியும். கட்டியே ஆக வேண்டும். ஆனால் ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது தராதவரிடம் பெயரும் எண்ணும் கேளுங்கள்.

செயலி விஷயத்துக்கு வருவோம். தண்டவாளத்துக்கு மிக அருகே நின்று டிக்கெட் எடுக்க விடாததற்குக் காரணம் உண்டு. இல்லாவிட்டால், பரிசோதகரைப் பார்த்தபின் எடுப்பவர்களுக்கு வசதியாகிவிடும். நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் அங்கிருந்தும் எடுக்கலாம். அதைவிட நல்லது, கரையான்சாவடியில் ஆவடி பஸ் ஏறியதும் எடுத்துவிடுவது. எத்தனை தொலைவிலிருந்தும் எடுக்கலாம் என்று 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள். பயணத்தை எப்போதுக்குள் தொடங்க வேண்டும் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். படித்துக்கொள்ளுங்கள், ஆவடி சாலை நெரிசலில் அந்த நேரம் கரைந்துபோவதும் உண்டு. டிக்கெட்டை செயலிக்குள் திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பேட்டரி தீர்ந்துபோன போனும் டிக்கெட் ஆகாது.

தினமும் போகிறவர் ஏன் சீசன் எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சுமார் பதினைந்து ஒருவழிப் பயணத்தின் விலையில் ஒரு மாதம் முழுக்கப் போய்வரலாம். சென்னையில் இதைவிட மலிவாக எதுவும் கிடைப்பதில்லை, டீ உட்பட.

கேள்வி: ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது செல்லுமா? — வாசகர், அம்பத்தூர்

பதில்: செல்லாது. முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்தவருக்குத்தான் இடம். ஆனால், கைக்குட்டையை எடுத்து அதன் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது இல்லை. மூன்று பேர் பலகையில் 'கொஞ்சம் தள்ளுங்க' என்று நாலாவது ஆள் உட்கார்வதற்கும் விதி கிடையாது. அது வழக்கம். வழக்கத்தை மதிப்பதுதான் முழங்காலுக்கு நல்லது.

கேள்வி: அரக்கோணத்தில் இருக்கும் என் தந்தைக்குச் சர்க்கரை நோய். லோக்கலில் கழிப்பறை இல்லாததால் எங்கள் வீட்டுக்கு வரவே பயப்படுகிறார். இவ்வளவு தூரம் ஓடும் வண்டியில் ஏன் வைக்கவில்லை? — வாசகி, திருமுல்லைவாயல்

பதில்: இந்த மின்தொடர் வண்டிகள் நகருக்குள் அரைமணி, முக்கால்மணிப் பயணத்துக்காக வடிவமைத்தவை. நின்று போகிறவர்களுக்கு அதிக இடம், சட்டென்று ஏறி இறங்க அகலமான வாசல் என்பதுதான் அவற்றின் கணக்கு. பிறகு நகரம் நீண்டது, வண்டியும் நீண்டது, வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்லோ வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இத்தனை நேரத்துக்குக் கழிப்பறை இல்லாத வண்டி என்பது முதியவர்களிடம் காட்டும் அலட்சியம் என்றே நான் சொல்வேன்.

உங்கள் தந்தைக்கு உடனடி வழி: மெமு வண்டிகளில் கழிப்பறை உண்டு. அந்த நேரத்துக்கு ஏற்றபடி பயணத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவடியில் நிற்கும் விரைவு ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியும் சரிதான், ஆனால் அதற்கு விரைவு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். லோக்கல் டிக்கெட்டோடு ஏறினால் அபராதம் கட்ட நேரும். வழியில் உள்ள நிலையத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தால் 139-க்கு அழைத்து, நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் இதே எண்தான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு மட்டுமே அங்கே விலக்கு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பினால் வண்டியே இல்லை. ஏன் ஞாயிறு மட்டும்? — வாசகர், பட்டாபிராம்

பதில்: ஞாயிறு அட்டவணையே தனி, வண்டிகள் குறைவு. கூட்டம் குறைவான நாள் என்பதால் பராமரிப்பு வேலையையும் அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். 'ஆவடியோடு நிறுத்தம்' போன்ற அறிவிப்புகளைத் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் முன்கூட்டியே வெளியிடுகிறது. கல்யாண முகூர்த்தம் குறிப்பவர்கள்தான் அதைப் பார்ப்பதில்லை.

வேலை என்றால் எத்தனை நாள் என்பதில் மட்டும் ரயில்வேயை அப்படியே நம்பிவிடாதீர்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போட, 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு வந்தது 2024 அக்டோபர் கடைசியில்.

கேள்வி: பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த ஏ.சி. லோக்கல் நம் வீட்டு வாசலில் பிறந்து தாம்பரம் பக்கம் ஓடப் போய்விட்டதே? — வாசகர், கொரட்டூர்

பதில்: ஆமாம். 2025 ஏப்ரலில் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுப் பாதையில்தான் முதலில் விட்டார்கள், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். எனக்கு வருத்தமில்லை. நம் பாதைக்கு ஏ.சி. முக்கியம் என்று நான் நினைக்கவில்லை. நெரிசல் நேரத்தில் இன்னும் நாலு சாதாரண வண்டி வந்தால் காற்று தானாக வரும்.

கேள்வி: காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ நிலையம் வருகிறது. 'ரயில் வாசலில்' என்று சொல்லி மனை விற்கிறார்கள். எங்கள் ரயில் கஷ்டம் தீர்ந்துவிடுமா? — வாசகி, காட்டுப்பாக்கம்

பதில்: எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் நான்காம் வழித்தடம் பூந்தமல்லி புறவழிச் சாலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, 26.1 கிலோமீட்டர். கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், அய்யப்பன்தாங்கல் என்று மவுண்ட்–பூந்தமல்லி சாலையோடு போரூருக்குப் போகிறது. ஓட்டுநர் இல்லாத மூன்று பெட்டி வண்டிகள். பூந்தமல்லியில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. வடபழனி, தி.நகர், மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது பெரிய வரம். சென்ட்ரலுக்கும் வடபழனியில் மாறிப் போய்விடலாம். பேசின் பிரிட்ஜ் தொல்லை அங்கே இல்லை.

ஆனால் இந்த மெட்ரோ ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகாது. தொழிற்பேட்டைக்கும், டேங்க் தொழிற்சாலைக்கும், திருவள்ளூருக்கும் போகும் காட்டுப்பாக்கத்து ஆட்களுக்குப் பழைய பஸ்தான், பழைய லோக்கல்தான். ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் இணைக்கும் ரயில் பாதை என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அதை நம்பி மனை வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது வேறு, செலவும் சொற்பம். கரையான்சாவடி மெட்ரோ நிலையத்திலிருந்து ஆவடி ரயில் நிலைய வாசல்வரை, லோக்கல் வரும் நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி சிற்றுந்து விட வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் இப்போதே மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதட்டும். எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த வண்டியைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். மொட்டையாக 'பஸ் வேண்டும்' என்று எழுதிய மனுக்கள் அங்கே ஏற்கெனவே நிறைய இருக்கும்.