கண் வீங்கினால் கண்கட்டி மட்டும்தானா?

கண் வீங்கினாலே "கண்கட்டி", "மெட்ராஸ் ஐ"னு சொல்லிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனா, என் பெரியம்மா மகளுக்கு வந்தது வேறு. அதன் பெயர் டெர்மட்டோமயோசைட்டிஸ். பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 2 முதல் 4 பேருக்கே வரும் அபூர்வ நோய்.

வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு போராடும்னு அறிவியல் பாடத்தில் படிச்சோம் அல்லவா? அந்தக் காவல்காரனே வீட்டுக்காரனை அடித்தால்? இந்நோயில் நம் நோய் எதிர்ப்புச் சக்தியே தோலையும் தசையையும் அவற்றின் மெல்லிய ரத்தக் குழாய்களையும் தாக்குகிறது.

அறிகுறிகள்:

1. மேல் இமைகள் இரண்டும் வீங்கி, கத்தரிப்பூ நிறம் படரும். கருத்த தோலில் இன்னும் கருமையாகத் தெரியலாம். (கண்கட்டி பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும், வலிக்கும்.)
2. விரல் மூட்டுகள் மேல் சிவந்த தடிப்பு.
3. தரையிலிருந்து எழ, மாடிப்படி ஏற, தலை சீவ கஷ்டம்.

மூணாவதைப் பார்த்துத்தான் எல்லாரும் அக்காவை "சோம்பேறி"ன்னாங்க. தசை பலமிழந்தால் பாவம், அவ என்ன செய்வா?

ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் கண்டுபிடிப்பார்கள். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் மருந்துகள் தருவார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. வெயில் பட்டால் நோய் கூடும். அதனால் நிழல், தொப்பி அவசியம்.

ஸ்டீராய்டால் முகம் உப்பும். கேலி செய்யாதீங்க! இது தொற்றாது, தைரியமா பக்கத்துல உட்காரலாம்.

நினைவில் வையுங்கள்: வீங்கிய இமையைப் பார்த்தால் விரல் மூட்டையும் பாருங்கள். இரண்டிலும் மாற்றம் இருந்தால் உடனே ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். சீக்கிரம் பார்த்தால் தசையைக் காப்பாற்றலாம்!