உடம்பு வலியும் வைட்டமின் டி குறைபாடும்



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில், பெண்களுடையவற்றில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: "உடம்பு வலி". வாயு என்பார் ஒருவர், வயதாகிவிட்டது என்பார் இன்னொருவர். கடையில் தாமாகவே வாங்கிய வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இவர்களில் பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கக்கூடும்.

இந்த வலி மூட்டில் மட்டும் நிற்பதில்லை. இடுப்பு, கீழ் முதுகு, தொடை, விலா என்று எலும்பிலேயே வலிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்தினால் சுருக்கென்று இருக்கும். கூடவே தொடைத் தசை பலவீனமாகும். மாடிப்படி ஏறுவது சிரமம், தரையில் உட்கார்ந்தால் எழுவது சிரமம். தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது முன்பு இல்லாத அளவுக்குக் கையை அழுத்தி ஊன்ற வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். குழந்தைகளிடம் நடை தாமதமாவது, கால் வில்போல் வளைவது, மணிக்கட்டு எலும்பு தடிப்பது ஆகியவை அடையாளங்கள். வெறும் சோர்வை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் சோர்வு வரும்.

வெயில் கொளுத்தும் நம் ஊரில் இது எப்படி வரும் என்று கேட்பீர்கள். வெயில் தோலில் பட்டால்தான் உடல் இந்தச் சத்தை உண்டாக்கும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் நிலைக்கு மாற்றுகின்றன. அது இல்லாவிட்டால், குடிக்கும் பாலிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. அப்போது உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இது கண்டறியப்பட்டது. நாசிக் பகுதியில் எலும்பு மெலிவு நோயை ஆராய்ந்த ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் தம் முடிவுகளை 1922இல் வெளியிட்டார்கள். நோய் அதிகம் இருந்தது வசதியான வீடுகளில். முஸ்லிம், இந்து இரு சாராரிலும், பெண்களும் கைக்குழந்தைகளும் இருட்டறைக்குள்ளேயே இருந்த குடும்பங்களில். அதைவிட மோசமான உணவு உண்டு வெளியில் வேலை செய்த ஏழைகள் பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். ஆகவே குறை பர்தாவில் இருப்பதாகவோ சாப்பாட்டில் மட்டும் இருப்பதாகவோ எண்ண வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெயில் படும் இடம் வேண்டும். இன்று அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் உட்காரும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

பிறர் பார்வை படாத மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் போதும். முழங்கை வரை கையும், முழங்கால் வரை காலும் வெயிலில் படட்டும். அரை மணி நேரம், வாரத்தில் சில நாட்கள். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதிகாலை இளவெயில் உடம்புக்கு இதமாக இருக்கலாம், இந்த வேலைக்கு அது போதாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே சரியான நேரம். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் இந்தச் சத்து ஓரளவு இருக்கிறது. ஆனால் குறைபாடு வந்தபின் உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம்.

இரத்தப் பரிசோதனையில் அளவு 20 நானோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு என்று கொள்கிறார்கள். மருத்துவர்கள் வழக்கமாகப் பெரியவர்களுக்கு எழுதுவது 60,000 யூனிட் பொடி அல்லது கேப்சூல், வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம். பால் அல்லது எண்ணெய்ச் சத்துள்ள உணவோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். வாரம் ஒரு முறைதான் என்பதால் ரமளானில் நோன்பு திறந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சத்து சிறுநீரில் உடனே வெளியேறிவிடாது, உடலின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்: வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், முடிவில் சிறுநீரகப் பாதிப்பு. பொடி வாங்கியவுடன் ஒவ்வொரு உறையிலும் சாப்பிட வேண்டிய தேதியை எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாத மூதாட்டி இருக்கும் வீட்டில் பிள்ளைகள் செய்யட்டும். சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு பொடிகூடத் தொடக்கூடாது.

ஹலாலா என்று பலர் கேட்கிறார்கள். மருந்திலுள்ள டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது. கேள்விக்குரியது கேப்சூலின் மேலுறையிலுள்ள ஜெலட்டின்தான். பேணுதலாக இருக்க விரும்புவோர் பொடியாகவோ திரவமாகவோ எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

மாத்திரை தொடங்கிய மறுநாளே வலி போகாது. தசை பலம் சில வாரங்களில் திரும்பும். எலும்பு சரியாக மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்து, அதன்பின் எவ்வளவு தொடர்வது என்பதை மருத்துவர் சொல்வார். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு என்பதால், கைக்குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து முதல் ஒரு வருடம் தர வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. பிரசவமாகி வீடு திரும்பும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைச் செலவுக்கு உதவி தேவைப்படுவோர், மருத்துவரின் சீட்டு நகலுடன் அலுவலகத்தில் விண்ணப்பம் தரலாம். சீட்டு இல்லாமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதற்கில்லை.