நின்றுபோன நுண்மணிப் படச்சுருளும் அதற்குரிய போலிகளும்

தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்பது இழிசொல் அன்று. ஒரு சொல்லில் ஓர் எழுத்து நின்ற இடத்தில் பிறிதோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பின், அதனைப் போலி என்பர் இலக்கண நூலார். அறம் என்பது அறன் எனவும், பந்தல் என்பது பந்தர் எனவும் வருதலை நாம் வகுப்பறையில் கற்றிருக்கிறோம். ஆயினும் நிலம் நிலன் ஆவதுபோல வட்டம் வட்டன் ஆவதில்லை. போலி எங்கும் அமைவதன்று. இடம் நோக்கி அமைவது.

கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கலையிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் பழகிய நுண்மணிப் படச்சுருள் ஒன்றின் உற்பத்தி நின்றுவிடுகிறது. அதனிடத்தில் எதனை வைப்பது? "அதே வேகமுள்ள வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் கூறுவார். அவ்விடை எத்துணைக் குறைபாடுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணியும் வேகமும்

படச்சுருளின் மேல் ஜெலட்டின் என்னும் பசைப்படலத்தில் வெள்ளி ஹாலைடுப் படிகங்கள் விரவிக் கிடக்கின்றன. ஒளிபட்ட படிகங்கள் டெவலப்பர் கரைசலில் கரிய வெள்ளியாக மாறுகின்றன. இவ்வெள்ளித் திரள்களே, படத்தைப் பெரிதாக்கும்போது மணல் தூவினாற்போல் தோன்றும் 'மணிகள்' ஆகும். பெரிய படிகம் மிகுதியான ஒளியைப் பற்றும். ஆகவே சுருளின் வேகம் கூடும். சிறிய படிகம் குறைந்த ஒளியையே பற்றும். படம் நுட்பமாக அமையும், வேகம் குன்றும். நுட்பமும் வேகமும் ஒருங்கே வாய்ப்பது அரிது என்பதே நெடுங்காலம் நிலவிய நிலை. 1986இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட டி-மேக்ஸ் சுருள்களில் படிகங்கள் தட்டையான வில்லைகளாக ஆக்கப்பட்டன. அவை பரப்பில் அகன்று ஒளியை ஏற்றன. தடிப்பில் மெலிந்து மணியைக் குறைத்தன. இல்ஃபோர்டின் டெல்டா சுருள்களும் அவ்வழியில் வந்தவையே.

மணியின் நுட்பத்தை நிறுவனங்கள் ஆர்.எம்.எஸ். எண்ணால் குறிப்பிடுகின்றன. எண் சிறிதாயின் மணி நுண்ணியது. கோடாக்கின் பிளஸ்-எக்ஸ் சுருளுக்கு 10, டி-மேக்ஸ் 100க்கு 8, ஃபூஜியின் நியோபான் ஆக்ரோஸ் 100க்கு 7 என அவ்வவற்றின் தகவல் தாள்கள் கூறும். வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு டெவலப்பரில் அளந்தவை ஆதலின், 7க்கும் 8க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதுபடுத்துதல் தகாது.

நின்றுபோனவை

கோடாக்கின் பானடாமிக்-எக்ஸ் 1980களின் இறுதியில் நின்றது. அதே நிறுவனத்தின் டெக்னிக்கல் பான் 2004இல் கைவிடப்பட்டது. பிளஸ்-எக்ஸ் 2011இல் விடைபெற்றது. ஆக்பா ஏபிஎக்ஸ் 25 முன்னரே மறைந்திருக்க, 2005இல் ஆக்பாஃபோட்டோ நிறுவனமே நொடித்தது. குரோவாசியாவின் சமோபர் நகரில் ஆக்கப்பட்ட எஃப்கே 25 சுருளின் முடிவு வேறு வகையினது: 2012இல் பழைய இயந்திரங்கள் சீர்செய்ய இயலாதவாறு பழுதுற்றமையால் ஆலையே நின்றது. விரும்பி வாங்குவோர் இருந்தும் ஒரு பொருள் மறையக்கூடும் என்பதற்கு இது சான்று.

நம் தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1960இல் தோற்றுவிக்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம், 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்னும் வணிகப்பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் எக்ஸ்-ரே படத்தாள்களையும் அளித்தது. இன்று அவ்வுற்பத்தி இல்லை. அப்பகுதிக்கு வழங்கும் இந்து நகர் என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

நீண்ட ஒளியூட்டம்: ஆக்ரோஸ் காட்டும் பாடம்

2018 ஏப்ரலில் ஃபூஜி நிறுவனம் ஆக்ரோஸ் 100 சுருளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. தேவை குறைந்தமையும் மூலப்பொருள் கிடைத்தற்கருமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. இரவில் துறைமுகங்களையும் பாலங்களையும் படமெடுப்போர் பெரிதும் கலங்கினர். நுண்மணி உடைய 100 வேகச் சுருள்கள் வேறு பல இருக்க, இவர்கள் கலங்கியது ஏன்?

காரணம் மணியில் இல்லை. ஒளியைப் பாதியாக்கி நேரத்தை இருமடங்காக்கினால் விளைவு ஒன்றே என்பது புகைப்படக் கலையின் அடிப்படை விதி. ஆனால் மங்கிய ஒளியில் இவ்விதி பிறழ்கிறது. ஒரு படிகம் டெவலப்பரில் கருமையாக வேண்டுமெனில், அதனுள் ஓரிடத்தில் ஏறத்தாழ நான்கு வெள்ளி அணுக்களேனும் ஒன்றுகூட வேண்டும். ஒளித்துகள்கள் மிக மெதுவாக வந்தால், முதலில் தோன்றிய அணு, துணை வருமுன் மீண்டும் பழைய நிலையை அடைந்துவிடுகிறது. கார்ல் ஷ்வார்ட்ஷில்டு என்னும் செருமானிய வானியலறிஞர், விண்மீன்களின் ஒளிர்வைப் படச்சுவட்டால் அளக்க முற்பட்டபோது இப்பிறழ்வை வாய்பாடாக்கி 1900இல் வெளியிட்டார். கருந்துளை ஆய்வில் பெயர் விளங்கும் ஷ்வார்ட்ஷில்டும் இவரே.

ஒளிமானி 100 வினாடி காட்டுகிறது எனக் கொள்வோம். ஆக்ரோஸ் சுருளுக்கு அந்த 100 வினாடியே போதும். 120 வினாடி வரை திருத்தம் வேண்டியதில்லை என்பது ஃபூஜியின் கூற்று. டி-மேக்ஸ் 100க்குக் கோடாக்கின் அட்டவணைப்படி 200 வினாடி வேண்டும். இல்ஃபோர்டு தரும் வாய்பாட்டின்படி, காட்டிய நேரத்தை டெல்டா 100க்கு 1.26 என்னும் அடுக்கிற்கும், பான் எஃப் பிளஸ் சுருளுக்கு 1.33 என்னும் அடுக்கிற்கும் உயர்த்த வேண்டும். கணக்கிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 331 வினாடியும், பின்னதற்கு 457 வினாடியும் வருகின்றன. பான் எஃப் ஐ.எஸ்.ஓ. 50 வேகமே உடையது. ஒளிமானியே அதற்கு 200 வினாடி காட்டும். அதற்குரிய திருத்தமோ 19 நிமிடத்தை எட்டும். நண்பகலில் இவ்வனைத்தும் ஒன்றுக்கொன்று தக்க போலிகள். நள்ளிரவில் அல்ல.

2019 ஜூனில் ஃபூஜி மனம் மாறி ஆக்ரோஸ் 100 II என்னும் புதிய சுருளை அறிவித்து, நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. கிடைக்காத மூலப்பொருள்களுக்கு மாற்றுத் தேடி, ஆக்கும் முறையையும் மறுபடி வகுத்ததாக நிறுவனம் கூறியது. 120 வினாடிப் பண்பு காக்கப்பட்டது. ஆயினும் வெண்மைப் பகுதிகளின் படிநிலை முன்னையதினும் அழுத்தமாக அமைக்கப்பட்டுள்ளது. பெட்டியிலோ இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது என்னும் குறிப்புக் காணப்படுகிறது. பெயர் ஒன்றாயினும் இதுவும் ஒரு போலியே, நல்ல போலி.

சிவப்பொளியும் ஆவணமும்

டெக்னிக்கல் பான் சுருளின் கதை இன்னும் சுவையானது. அது நூற்பக்கங்களைப் படியெடுக்கவும், நுண்ணோக்கிக் காட்சிகளைப் பதியவும், வானத்தைப் படமெடுக்கவும் பயன்பட்டது. வானியலார் அதனை விரும்பியதற்குக் காரணம், சிவப்பின் கடைக்கோடியான 690 நானோமீட்டர் வரை அது உணர்ந்தமையே. விண்முகில்களில் ஹைட்ரஜன் வெளியிடும் செவ்வொளி 656.3 நானோமீட்டரில் உள்ளது. அத்துடன் நைட்ரஜனும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் சுருளை வெப்பமூட்டி வைத்து, நீண்ட ஒளியூட்டப் பிறழ்வைக் குறைக்கவும் அவர்கள் கற்றிருந்தனர். ஆக்ரோஸ் எத்துணைச் சிறப்புடையதாயினும் அச்செவ்வொளியில் பார்வை மங்கியது. ஆதலின் விண்முகில் படமெடுப்போர்க்கு அது டெக்னிக்கல் பானின் இடத்தை நிரப்பாது.

வான்வழிப் படப்பிடிப்பிற்கென ஆக்பா வகுத்த சுருளிலிருந்து வந்த ரோலை ரெட்ரோ 80எஸ், ஏறத்தாழ 750 நானோமீட்டர் வரை சிவப்பை உணர்கிறது. நிறவுணர்வில் இது நெருங்கிய உறவு. ஆனால் இதன் அடித்தளம் கண்ணாடிபோல் தெளிந்த பாலியெஸ்டர். வெயிலில் நின்று மாட்டினால் சுருளின் முனைவழி ஒளி உட்புகுந்து முதற்படங்களைக் கெடுத்துவிடும். நிழலில் மாட்டுதல் நன்று.

நுட்பம் ஒன்றே வேண்டுவோர்க்கு அடாக்ஸ் சிஎம்எஸ் 20 II உள்ளது. மணி கண்ணுக்குப் புலப்படாது. ஆயின் அது இயல்பில் ஆவணச் சுருள். எழுத்தைக் கரியதாகவும் தாளை வெளியதாகவும் காட்டப் பிறந்தது. அதற்கெனச் செய்த அடோடெக் டெவலப்பரில் உருத்துலக்கினால்தான் முகத்தின் இடைச் சாயல்கள் தோன்றும். பொது டெவலப்பரில் இட்டால் கறுப்பும் வெள்ளையுமே எஞ்சும். சுருளை மட்டும் மாற்றி டெவலப்பரை மாற்றாதோர் பலர் இதனைக் குறைகூறக் கேட்டிருக்கிறேன். குறை சுருளினுடையது அன்று.

மற்றுமொரு வழி

சுருளைத் தேடி அலைவதினும் எளிய வழி ஒன்றுண்டு. 35 மி.மீ. சுருளில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ.; 120 அளவுச் சுருளின் சதுரப் படம் 56க்கு 56 மி.மீ. 10 அங்குலச் சதுரப் படம் ஒன்றை அச்சிட முன்னதை 10.6 மடங்கு பெரிதாக்க வேண்டும், பின்னதை 4.5 மடங்கே. ஆகவே 120 அளவில் எடுத்த இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் போன்ற இயல்பான சுருளும், சிறிய சுருளில் எடுத்த நுண்மணிப் படத்திற்கு ஒப்பாக நிற்கும். கருவி கனக்கும், முக்காலி வேண்டும். நுண்மணிச் சுருளின் குறைந்த வேகத்திற்கும் முக்காலி வேண்டியதே ஆதலின், இதில் இழப்பு அதிகமில்லை.

பழைய சுருளைச் சேமித்து வைப்போரும் உளர். 2018இல் நானும் ஆக்ரோஸ் சுருள்கள் சிலவற்றை வாங்கிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன். வேகம் குறைந்த சுருள் நெடுநாள் தாங்கும் என்பது உண்மை. ஆயினும் குளிர் விண்கதிரைத் தடுப்பதில்லை. தொடங்கிய தொகுப்பு ஒன்றினை முடிக்கும் அளவு வைத்திருப்பது அறிவுடைமை. அதற்கு மேற்பட்டது ஆசை.

சோதித்துத் தெளிதல்

மாற்றுச் சுருளை ஏற்குமுன், பழைய சுருளில் ஒன்றேனும் மீந்திருக்கும்போதே ஒப்புநோக்குதல் வேண்டும். ஒரே காட்சியை, ஒரே வில்லையால், ஒரே நாளில் இரு சுருளிலும் எடுக்க வேண்டும். காட்சியில் ஒரு சாம்பல்நிற அட்டையும், சிவந்த துணியும், பச்சிலையும், நிழலில் கரிய பொருளொன்றும் இருத்தல் நலம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் எடுக்க வேண்டும். இரவுப் படம் எடுப்போர் 10 வினாடிக்கும் 100 வினாடிக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பான் எஃப் பிளஸ் ஆயின் எடுத்த மூன்று மாதத்திற்குள் உருத்துலக்க வேண்டும். அதன் மறைபடிமம் விரைவில் மங்கும் இயல்பினது. முடிவில் இரு நெகட்டிவ்களையும் ஒரே அளவிற்குப் பெரிதாக்கி, பெயரை மறைத்து வேறொருவர் கையில் கொடுக்கலாம். சென்ற ஆண்டு என் மாணவர்க்கு அவ்வாறு இரு துறைமுகப் படங்களைக் கொடுத்தேன். மணியைக் கொண்டு எவரும் வேறுபாடு காணவில்லை. ஒரு மாணவி மட்டும் விளக்கொளி நீரில் விழுந்த இடத்தைச் சுட்டி, ஒன்றில் நீர் தெரிகிறது, மற்றதில் இருளே தெரிகிறது என்றாள். நான் டெல்டா சுருளுக்கு 331 வினாடி கொடுக்க மறந்து 100 வினாடியே கொடுத்திருந்தேன்.