நுரையீரலும் அணுக்கரு ஸ்கேனும்: காரைக்குடியிலிருந்து புறப்படுவோர் அறிய வேண்டியவை

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் நுரையீரலின் வடிவத்தைக் காட்டுகின்றன. அணுக்கரு ஸ்கேனோ, உடலுக்குள் செலுத்தப்பட்ட சிறிதளவு கதிரியக்க மருந்து எங்கே சென்று தங்குகிறது என்பதைப் பதிவுசெய்து, அந்த உறுப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுகிறது. இவ்வகையில் நுரையீரலுக்கே உரியது, காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் தனித்தனியே படமெடுத்து ஒப்பிடும் வி.க்யூ. ஸ்கேன் ஆகும். டெக்னீசியம்-99எம் ஏற்றிய நுண்ணிய அல்புமின் துகள்கள் கையிலுள்ள சிரை வழியாகச் செலுத்தப்பட்டு, நுரையீரலின் நுண்குழாய்களில் சிறிது நேரம் தங்குகின்றன; காற்று நன்றாகச் சென்றும் ரத்தம் செல்லாத பகுதி தென்பட்டால், அங்கே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுகிறார். இன்று சி.டி. ஆஞ்சியோகிராமே பெரும்பாலும் முதலில் செய்யப்படுகிறது என்றாலும், சிறுநீரகம் பழுதடைந்தவர்க்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாதவர்க்கும், ரத்தக்கட்டி நாட்பட்டுத் தங்கியதால் நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று அறிய வேண்டியவர்க்கும் இந்தப் பழைய சோதனை இன்றும் பெருந்துணையாக நிற்கிறது. அண்மையில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயை உடன் வைத்தே இதைப் படிப்பர் என்பதால் அதை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கருவுற்றிருப்பவரும் பாலூட்டுபவரும் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி இருக்குமோ என்ற ஐயத்தில் எடுக்கப்படும் மற்றோர் அணுக்கரு ஸ்கேனான பெட் சி.டி.க்குக் காலம் மிக முக்கியம். அதில் பயன்படும் எஃப்.டி.ஜி. என்னும் மருந்து, சர்க்கரையைப் போன்ற மூலக்கூறில் புளோரின்-18 சேர்த்துச் செய்யப்படுவது. இதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 110 நிமிடமே. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே இந்த ஸ்கேனுக்குச் செல்பவர் 2 மணி நேரம் தாமதித்தால், அவருக்கென வந்த மருந்தின் வீரியத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ஆகவே, விடியுமுன் புறப்படுவதே நல்லது. ஸ்கேனுக்கு முன் சுமார் 6 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீர் அருந்தலாம், ஆனால் வழியில் மேலூரில் குடிக்கும் சர்க்கரைத் தேநீர்கூட இன்சுலினைத் தூண்டி மருந்தைத் தசைகளுக்குத் திருப்பிப் படத்தைக் கெடுக்கக்கூடும். நீரிழிவுக்காரர் மாத்திரையையும் ஊசியையும் தாமாக நிறுத்தாமல், முந்தைய நாளே ஸ்கேன் மையத்தில் கேட்டு நடப்பதே பாதுகாப்பானது.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் குடும்பங்கள் படும் துயரம்தான் மிகவும் வருந்தத்தக்கது. படத்தில் ஒளிரும் புள்ளி எல்லாம் புற்றுநோய் ஆகாது, எஃப்.டி.ஜி.யை மிகுதியாக உண்ணும் எந்தத் திசுவும் ஒளிரும், காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அந்தப் புண்ணும் அவ்வாறே ஒளிர்கிறது. சளிப் பரிசோதனையும், தேவைப்பட்டால் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் முடியும்வரை எந்த முடிவுக்கும் வருதல் கூடாது. காசநோயே எனத் தெரியவந்தால், அதற்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.