கூதிரும் பனியும்

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. திண்டுக்கல் வட்டாரத்தார்க்குக் குளிர்காலம் என்பது இவ்விரு பொழுதுகளுமே. தென்மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. இவற்றை அடுத்துக் கிடக்கும் இச்சமவெளியில் குளிர் அத்துணைக் கொடியதன்று. வெந்நீரும் ஒரு கம்பளியும் இருப்பின் அதனை வென்றுவிடலாம். ஆயினும் இக்காலத்தில் உயிர்கள் மடிவதுண்டு. குளிர் கொல்வதன்று, காணவேண்டியதைக் காணவொட்டாமல் இக்காலம் மறைத்துவிடுவதே அதற்குக் காரணம்.

முதலில் மறைப்பது நீர். பழனி மலைச்சாரலில் தோன்றும் குடகனாறு ஆத்தூர், வேடசந்தூர்ப் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்று அமராவதியோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணற்பரப்பாகவே கிடக்கும். ஆடு மேய்ப்போர் குறுக்கே நடந்து செல்வர். ஆதலின் அதன்மேல் எவர்க்கும் அச்சமில்லை. அந்த ஆற்றின் குறுக்கே வேடசந்தூருக்கு அருகில் அழகாபுரியில் கட்டப்பட்டிருந்த மண்ணணை, 1977 நவம்பரில், கூதிர் மழையின்போது உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டமையால் மதகுக் கதவுகளை முழுவதும் உயர்த்த இயலவில்லை. வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்தது. வழிந்த நீர் மண்ணை அரித்தது. அணை பல இடங்களில் பிளந்தது. மக்கள் உயிரிழந்தனர். அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

தரைப்பாலங்களிலும் நீர் இதே செயலைச் சிறிய அளவில் செய்கிறது. கலங்கிய வெள்ளத்தின் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துச் செல்லப்பட்டுவிட்டதா என்பதைக் கரையில் நிற்பவர் அறிய முடியாது. விரைந்தோடும் நீர் முழங்காலளவே இருப்பினும் ஓர் ஆளைச் சாய்த்துவிடும். நாள்தோறும் செல்லும் பாலந்தானே என்று இருசக்கர வண்டியை இறக்குபவர், நேற்றிருந்த பாலத்தை நம்பி இன்றைய வெள்ளத்தில் இறங்குகிறார். நீர் வடியும்வரை காத்திருத்தல், அல்லது சுற்றுவழியிற் செல்லுதல், இவ்விரண்டன்றி மூன்றாம் வழி இல்லை.

வீட்டினுள் மறைவது வேறொன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்து மக்கள் குளிர்ந்த நீரை விடுத்து, வாய் அகன்ற தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்ததைக் கூறுகிறது. தடவு என்பது கணப்புச் சட்டி. இன்றும் பிள்ளை பெற்ற தாய்க்குக் குளிர் தாக்கலாகாது என்று, கதவையும் சாளரத்தையும் அடைத்து, அறையில் கரிநெருப்பு வைக்கும் வீடுகள் உண்டு. வழக்கம் பழையது; வீடு பழையதன்று. கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இடுக்குகளின் வழியே காற்று உலவும். சிமெண்டுச் சுவரும் இறுகப் பொருந்தும் கதவுமுள்ள இன்றைய அறையில் அது நிகழாது.

கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிக் கங்கு செந்நிறமாக ஒளிரும் நிலையில் தீங்கு நீங்கிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அந்நிலையிலும் இவ்வாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்வது இது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பின்பு உறக்கம், உறங்கியவர் எழுவதில்லை. 2024-ஆம் ஆண்டில் கொடைக்கானலுக்குச் சென்ற இளைஞர் இருவர், அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கி உயிர் நீத்தனர். எவரேனும் இவ்வாறு மயங்கிக் கிடக்கக் கண்டால், கதவு சாளரங்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108-ஐ அழைக்க வேண்டும். தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருத்தல் காலத்தைப் போக்குவதாகும்.

சாலையில் திரையிடுவது பனி. வானம் தெளிந்த மார்கழி இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி நிற்கிறது. கண்மாய்களின் அருகிலும் வயல்களின் நடுவிலும் இம்மூட்டம் மிகும்; விடியற்காலையில் செறிந்து, வெயில் ஏறியபின் கலையும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒன்றைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். மிதித்தபின்னும் வண்டி நிற்க அதற்குக் குறையாத தொலைவு வேண்டும்; ஈரச் சாலையில் இன்னும் மிகுதியாகும். கண்ணுக்குப் புலப்படுவது 30 மீட்டரே ஆயின், அவர் கண்டபின் நிறுத்தமாட்டாத வேகத்தில் ஓடுகிறார் என்பதே கணக்கு. ‘பனிமூட்டத்தால் விபத்து’ என்று செய்தித்தாள்கள் எழுதும். பனி மறுத்துப் பேசாது! விளக்கின் உயர் ஒளியும் இங்குப் பயன்படாது. பனித்துளிகள் அதனைச் சிதறடித்து, முன்னே வெண்சுவர் எழுப்பிவிடும். தாழ் ஒளியே சாலையைக் காட்டும்.

இம்மூட்டத்தினூடே நடந்து வருவோரும் உளர். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடி முதலிய ஊர்களிலிருந்து புறப்படும் அடியவர்கள் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்வர். பகல் வெயிலுக்கு அஞ்சி, பின்னிரவில் நடப்பவர் பலர். பச்சையும் காவியும் உடுத்த அவர்கள் இருளோடு இருளாக மறைந்துவிடுகின்றனர். பனிக்கு அஞ்சிக் காதைத் துணியால் இறுகச் சுற்றியவர்க்குப் பின்வரும் ஊர்தியின் ஒலியும் கேட்பதில்லை. நடைபாதை உள்ள இடங்களில் அதன்மேலும், இல்லாத இடங்களில் எதிர்வரும் ஊர்தி தெரியுமாறு சாலையின் வலப்புற ஓரத்திலும் நடத்தல் வேண்டும். காவல் துறையினர் இவர்களுக்கு ஒளிரும் பட்டைகளை வழங்குவதுண்டு. அப்பட்டை தானே ஒளிர்வதன்று. அதிற் பதிந்த நுண்ணிய கண்ணாடி மணிகள், தம்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்புகின்றன. ஓட்டுநரின் விளக்கொளி ஓட்டுநரின் கண்ணுக்கே மீண்டு, தொலைவிலேயே ஆளைக் காட்டிவிடுகிறது. குழுவின் முன்னே செல்பவர் அதனை மார்பிலும், கடைசியில் வருபவர் முதுகிலும் ஒட்டிக்கொள்வர். பட்டை கிடையாதவர், வெள்ளைத் துண்டு ஒன்றையேனும் தோள்மேல் விரித்துக்கொண்டு நடப்பர்.