எந்த நடுநிலைப் பள்ளி? எக்ஸெல்லில் ஒப்பிட்டுப் பார்ப்போம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வந்தால் சோளக்காட்டில் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியா, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியா? மலையில் இது சின்ன விஷயம் அல்ல. பள்ளி தூரமாகவோ பாடம் நடத்த ஆள் இல்லாமலோ போனால், பிள்ளை படிப்பையே நிறுத்திவிடக் கூடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியையே எக்ஸெல் பாடமாக வைத்துக் கொள்ளலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம்.

தகவல் எங்கே கிடைக்கும்?

மத்திய கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' என்ற பகுதி உள்ளது. அதில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். நமக்குத் தமிழ்நாடு, நாமக்கல், கொல்லிமலை. ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்கள் 'நாடு' என முடியும். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கமான 33 தமிழ்நாட்டைக் குறிக்கும். ஒரே மாதிரிப் பெயருள்ள பள்ளிகளைப் பிரித்தறிய இந்த எண் உதவும்.

எத்தனை ஆசிரியர்கள் 6 முதல் 8 வகுப்பு வரை பாடம் நடத்துகிறார்கள் என்பதைப் பள்ளிக்கு நேரில் சென்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். மாறுதல் கலந்தாய்வுக்குப் பிறகு இந்த எண்ணிக்கை மாறக்கூடும்.

அட்டவணை தயாரிப்போம்

முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ: பள்ளியின் பெயர். பி: வகை. சி: 6 முதல் 8 வரை மாணவர்கள். டி: அவர்களுக்கான ஆசிரியர்கள். ஈ: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர். எஃப்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை வகுப்பு. ஜி: வீட்டிலிருந்து நடக்கும் நேரம். (செல் பெயர்களைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.)

பயிற்சிக்காக மூன்று கற்பனைப் பள்ளிகளை வைத்துக் கொள்வோம்.

சந்தைப் பள்ளி: மாணவர் 90, ஆசிரியர் 3
ஓடைப் பள்ளி: மாணவர் 36, ஆசிரியர் 2
மேட்டுப் பள்ளி: மாணவர் 24, ஆசிரியர் 1

இப்போது ஈ2 செல்லில் =சி2/டி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 30 என்று விடை வரும். எஃப்2 செல்லில் =3/டி2 என அமைக்கவும். ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்புகள் என்பதால்தான் 3. இரண்டு செல்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா தானாகவே சென்றுவிடும். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். ஆசிரியர் எண்ணிக்கை காலியாக உள்ளது என்று பொருள்.

வரிசைப்படுத்துவோம்

தலைப்பு உட்பட அட்டவணை முழுவதையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் கிளிக் செய்யுங்கள். ஒரு காலத்தை மட்டும் செலக்ட் செய்தால் ஒரு பள்ளியின் எண் இன்னொரு பள்ளிக்குப் போய்விடும், கவனம்.

ஈ காலத்தின்படி சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் ஓடைப் பள்ளி (18), மேட்டுப் பள்ளி (24), சந்தைப் பள்ளி (30) என்று வரும். மாணவர் குறைவாக உள்ள பள்ளியே நல்லது என்று தோன்றும். அதையே எஃப் காலத்தின்படி செய்து பாருங்கள். சந்தைப் பள்ளி (1), ஓடைப் பள்ளி (1.5), மேட்டுப் பள்ளி (3). கடைசியில் இருந்த பள்ளி முதலிடத்துக்கு வந்துவிட்டது!

எதை நம்புவது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. நம் மூன்று பள்ளிகளும் இதில் தேறிவிடுகின்றன. ஆனால் வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும், கணிதம் மற்றும் அறிவியல், சமூக அறிவியல், மொழிப்பாடம் ஆகியவற்றுக்கு ஆள் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேட்டுப் பள்ளியில் ஒருவரே மூன்று வகுப்புகளையும் எல்லாப் பாடங்களையும் பார்க்க வேண்டும். மாணவர் குறைவாக உள்ள மலைப் பள்ளிகளை ஒப்பிடும்போது எஃப் காலத்தை முதலில் பாருங்கள்.

பிறகு ஜி காலத்தைப் பாருங்கள். மேப்பில் நேர்கோட்டில் பக்கமாகத் தெரியும் ஊருக்கும் நமக்கும் நடுவே பள்ளம் இருக்கலாம். ஆகவே கிலோமீட்டரை விட நிமிடக் கணக்கே நல்லது. உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளை தங்கிப் படிப்பதால் அதை இப்படி ஒப்பிட முடியாது. டேட்டா மெனுவில் உள்ள பில்டரைக் கிளிக் செய்து, பி காலத்தில் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே பாருங்கள். விடுதியின் உணவு, தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு ஆகியவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும்.

முடித்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். பக்கத்துப் பள்ளியின் எஃப் காலத்தில் 1.5 அல்லது 3 என்று இருந்தால், அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுங்கள். சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களே. ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கல்வி அலுவலருக்கு அனுப்பும்போது, நீங்கள் தயாரித்த இந்த ஒரு பக்க அட்டவணையையும் சேர்த்து அனுப்பலாம்.